கடலிலிருந்து சைக்கிளுக்கு
கரையோரப் பிள்ளைகள் – 7

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளியின்றிச் செய்வது ட்ரையத்லான். 1974 செப்டெம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த முதல் போட்டியில் ஓட்டம் முதலில், நீச்சல் பின்னால். இன்று நீச்சல்தான் முதல். களைத்த உடலோடு தண்ணீரில் இறங்குவது ஆபத்து. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பிடித்த இந்த விளையாட்டின் பெரிய போட்டியொன்று 2018இல் கொழும்பிலும் நடந்தது. யாழ்ப்பாணத் தீவகத்துக்கு இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்பது என் ஆசை.

பாக்கு நீரிணையை 1954இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமியும், 1971இல் போய்த் திரும்பிய குமார் ஆனந்தனும் பிறந்த குடாநாட்டில் நீச்சலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சைக்கிளும் ஓட்டமும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாதது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்த ஓரிரு நிமிடங்கள். மணிக்கூடு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வேலணை சாட்டிக் கடற்கரையில் ஒரு சிறுவர் போட்டி என்று வைத்துக்கொள்வோம். கரைக்குச் சற்றுத் தள்ளிக் கயிறு கட்டிய ஒரு வெளி. அதற்குள் வரிசையாகச் சைக்கிள்கள். பெரியவர்களின் சைக்கிள்களை இருக்கையால் கம்பியில் மாட்டுவார்கள். சிறுவர் சைக்கிளுக்கு அந்தக் கம்பி உயரம். சில்லைத் தாங்கும் தாழ்ந்த நிறுத்தியே போதும். பக்கத்தில் சிறு துவாய், வாய் விரிந்த சப்பாத்து. கைபிடியின் மேல் தலைக்கவசம் உட்புறம் மேலே பார்க்க, பட்டிகள் இருபுறமும் தொங்கியபடி.

நீரிலிருந்து எழும்பியதும் தலை லேசாகச் சுற்றலாம். படுத்த நிலையில் இருந்த உடல் திடீரென நிமிர்கிறது. நாலு அடி நடந்துவிட்டு ஓடச் சொல்லுங்கள். அடுத்த எதிரி மணல். விரலிடுக்கில் ஒட்டிய மணலோடு சப்பாத்தைப் போட்டால் ஓட்டம் முடிவதற்குள் கொப்புளம். கரையில் ஒரு தொட்டித் தண்ணீர் வைத்தால் போதும். கட்டும் நாடாவுக்குப் பதில் இழுபடும் நாடா போட்டால் ஈர விரல்கள் தடுமாறாது.

பிறகு மாற்ற முடியாத விதி: தலைக்கவசம் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம். கயிற்றுக்கு உள்ளே ஏறி ஓட்டக்கூடாது, உருட்டித்தான் போக வேண்டும். ஏறும் கோட்டைத் தாண்டியபின் மிதிக்கலாம். திரும்பி வந்தால் இறங்கும் கோட்டுக்கு முன் இறங்கி, சைக்கிளை நிறுத்திய பிறகே பட்டியைக் கழற்றலாம். ஓடத் தொடங்கும்போது கால் கனக்கும். சிறு அடியாக வைத்தால் சற்று நேரத்தில் சரியாகிவிடும்.

தன் சைக்கிள் நிற்கும் இடத்தைப் பிள்ளை முன்கூட்டியே நடந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துச் சிவப்புச் சைக்கிளை அடையாளம் வைத்தால், திரும்பி வரும்போது அது அங்கே இல்லாமல் போகலாம். வரிசையை எண்ணி வைப்பதே நம்பிக்கையானது.

பெற்றாருக்குக் கயிற்றுக்கு வெளியேதான் இடம். இதுவே இந்த விளையாட்டின் மிக அருமையான ஏற்பாடு என்பேன். பட்டி இறுகாமல் அழ வந்தாலும், அந்தப் பிள்ளைதான் அடுத்தது என்ன என்று யோசித்துத் தன் கையால் செய்து முடிக்க வேண்டும். வேகத்தை இயற்கை எல்லோருக்கும் ஒரே அளவில் தருவதில்லை. ஒழுங்கை எந்தப் பிள்ளையும் பழகிக்கொள்ளலாம்.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு விளையாட்டு ஆசிரியர்களே, இதற்குப் போட்டி அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மைதானத்தில் ஒரு கயிறு, சுண்ணாம்பில் இரண்டு கோடுகள், ஒரு வாளித் தண்ணீர் போதும். இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.

(அடுத்த வாரம்: கடலில் பிள்ளைகளைக் காவல் காப்பது எப்படி?)