லேபிள் ஒட்டாத ஃப்ரேம்: சீன கார்பனில் மவுண்டன் பைக் கட்டலாமா?

(எபிசோடில் பேசியது, வாசிப்பதற்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்டில இருந்து ஆரம்பிக்கலாம். சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல வேலை பார்க்கிற நேயர் அனுப்பினது. தீபாவளி போனஸைத் தொடாம வச்சிருக்கார். ஒரு மவுண்டன் பைக்கைத் தானே கட்டணும்னு ஆசை. சீனாவுல ஒரு கம்பெனி, பெயர் எதுவும் ஒட்டாத கார்பன் ஃப்ரேம் அனுப்பறேன்னு சொல்லுது. அவர் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணா, லேபிளே இல்லாத ஃப்ரேமை நம்பி மேல ஏறலாமா?"

சிவகாசிக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதாலதான் அந்த ஊர்ல அச்சுத் தொழிலே வளர்ந்தது. லேபிள் வேற, உள்ளே இருக்கிற சரக்கு வேறன்னு அந்த ஊருக்குப் புதுசா சொல்லித்தர வேண்டியதில்லை. நேரா விஷயத்துக்குப் போகலாம்.

பெயர் இல்லாதது வேற, போலி வேற

முதல்ல இதைப் பிரிச்சுக்கணும். பெரிய பிராண்டோட பெயரைத் திருட்டுத்தனமா ஒட்டி விற்கிற ஃப்ரேம் போலி. அந்தப் பக்கமே போகாதீங்க. பொய் சொல்லி விற்கிறவர், உள்ளே எத்தனை அடுக்கு கார்பன் வச்சார்ங்கறதுல மட்டும் உண்மை சொல்லுவாரா?

பெயர் இல்லாத ஃப்ரேம் கதை வேற. கார்பன் ஃப்ரேம் செய்ய எஃகு அச்சு வேணும். ஸ்மால், மீடியம், லார்ஜ்னு ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனி அச்சு. செலவு அதிகம். பெரிய பிராண்டுகள் தங்களுக்குன்னு அச்சு செய்து வச்சிருக்கும். அதுல வேற யாருக்கும் ஃப்ரேம் வார்க்க முடியாது. சியாமென், டோங்குவான், ஷென்ஜென் பக்கம் இருக்கிற பல தொழிற்சாலைகள் தாங்களே அச்சு செய்து, யார் கேட்டாலும் அதுல ஃப்ரேம் போட்டுத் தருவாங்க. இதுக்கு 'ஓப்பன் மோல்ட்'னு பெயர். ஒரு சின்ன பிராண்ட் அதையே வாங்கி, பெயிண்ட் அடிச்சு, தன் ஸ்டிக்கரை ஒட்டி விற்கும். நீங்க ஸ்டிக்கர் இல்லாம வாங்கறீங்க.

செய்யற விதம் எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெசின் ஊறின கார்பன் தாளை நூற்றுக்கணக்கான துண்டுகளா வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோணத்துலன்னு வரைபடம் பார்த்துக் கையால அடுக்கி, அச்சுக்குள்ள வச்சு, உள்ளே காற்றுப்பை ஊதி, சூடேத்தி இறுக வைப்பாங்க. இது கைவேலை. துண்டு சுருங்கினாலோ, நடுவுல காற்று சிக்கினாலோ அந்த இடம் பலவீனமாயிடும். வெளியில பார்த்தா பளபளன்னுதான் இருக்கும்.

அப்போ பிராண்டுக்கு எதுக்குக் காசு?

பெயர் இல்லாத ஹார்ட்டெயில் ஃப்ரேம், அதாவது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாதது, பொதுவா 300-லிருந்து 500 டாலருக்குள்ள கிடைக்கும். பெயர் பெற்ற பிராண்டோட கார்பன் ஃப்ரேம் சாதாரணமா ஆயிரம் டாலரைத் தாண்டும். அந்த வித்தியாசத்துல விளம்பரமும் கடைக்காரர் லாபமும் இருக்கு, மறுக்கலை. கூடவே ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, சோதனை. இன்னொண்ணு, உடைஞ்சா பதில் சொல்ல ஒரு ஆள்.

சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 4210. மவுண்டன் பைக் ஃப்ரேமை இயந்திரத்துல மாட்டி, பெடல் மேல 1,200 நியூட்டன் விசையை ஒரு லட்சம் தடவை கொடுப்பாங்க. கிட்டத்தட்ட 120 கிலோ ஆள் ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்னு அழுத்தற மாதிரி. அப்புறம் 22.5 கிலோ எடையை மேல இருந்து போட்டு மோத விடுவாங்க. இதெல்லாம் தாங்கினாத்தான் பாஸ்.

விற்கிறவங்க எல்லாருமே "ஐஎஸ்ஓ பாஸ்"னு எழுதுவாங்க. எழுதறது சுலபம். பட்டாசு ஆலையில ஒரு அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்துன்னு விதி பலகையில எழுதித்தான் இருக்கும். உயிரைக் காப்பாத்தறது பலகை இல்லை, அன்னைக்கு உள்ளே எத்தனை பேர் இருந்தாங்கங்கறதுதான்னு அந்த வட்டாரத்துக்கு நல்லாத் தெரியும்.

அதனால கேள்வி கேளுங்க. இந்த மாடலுக்கு, இந்த அச்சுக்குச் சோதனை அறிக்கை இருக்கா? எந்தச் சோதனைக்கூடம், எந்த வருஷம்? ஓட்டுறவர் எடை எவ்வளவு வரைக்கும் தாங்கும்? வாரண்டி எழுத்துல இருக்கா? "டி700, டி800 ஃபைபர்"னு நம்பர் சொல்லி மழுப்பினா மயங்காதீங்க. அது நூலோட தரம். துணி நல்லா இருந்தா சட்டையும் நல்லா தைச்சிருப்பாங்கன்னு அர்த்தமில்லையே.

வாங்கற வழியையும் பாருங்க. 2020 நவம்பர்ல அலிஎக்ஸ்பிரஸ் ஆப்பை இந்திய அரசு தடை செய்ததுக்கு அப்புறம், பெரும்பாலும் தொழிற்சாலைகிட்ட நேரா பேசித்தான் வாங்கணும். ஃப்ரேம் விலையோட ஷிப்பிங், சுங்கவரி, ஜிஎஸ்டி, கூரியர் கட்டணம் எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. திருப்பி அனுப்பற செலவையும் ஒரு ஓரமா எழுதி வைங்க. பல பேர் அந்தத் தொகையைப் பார்த்துட்டே ஆசையை விட்டுடுவாங்க.

பெட்டி வந்ததும்

பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. வெளிச்சத்துல ஒவ்வொரு குழாயையும் விரலால தடவிப் பாருங்க. டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க: சுருக்கம், தொங்கற துண்டு, ரெசின் கட்டி இருக்கான்னு. ஒரு நாணயத்தால வரிசையா தட்டிக்கிட்டே போங்க. டிங் டிங்னு வந்துட்டிருந்த சத்தம் ஒரு இடத்துல மட்டும் 'தொப்'னு மாறினா சந்தேகப்படணும். ஆனா நல்ல சத்தம் வந்துட்டதாலயே நல்ல ஃப்ரேம்னு முடிவு பண்ணிடாதீங்க. பின்சக்கரத்தை மாட்டி, ரெண்டு பக்கமும் இடைவெளி சமமா இருக்கா, டிஸ்க் பிரேக் நேரா உட்காருதான்னு பாருங்க. குறை இருந்தா அன்னைக்கே படத்தோட எழுதிடுங்க. பாகங்களை மாட்டி ஓட்டினதுக்கு அப்புறம் யாரும் கேட்கமாட்டாங்க.

எதுல மிச்சம் பிடிக்கக் கூடாது

ஃப்ரேம்ல மிச்சம் பிடிச்ச காசை ஃபோர்க்லயும் ஹேண்டில்பார்லயும் போடுங்க. முன்ஃபோர்க் உடைஞ்சா சுதாரிக்க நேரமே கிடைக்காது, முகம்தான் தரையில படும். பெயர் தெரியாத கார்பன் ஹேண்டில்பார் வேண்டவே வேண்டாம், நல்ல அலுமினியமே போதும்.

அளவுகளை ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க: பின் ஆக்ஸில் 12 க்கு 148 மில்லிமீட்டரா, சீட்போஸ்ட் 27.2-ஆ 31.6-ஆ, ஹெட்செட் என்ன சைஸ். பெடல் அச்சு சுத்தற பாட்டம் பிராக்கெட்டுக்கு, முடிஞ்சா மரை வச்சதையே கேளுங்க. அதோட பெயர் உங்களுக்குப் பழக்கமானது: பிஎஸ்ஏ. ஆமா, அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் பிஎஸ்ஏன்னு சைக்கிள் விற்குதே, அதே பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்தான். இந்த வகை நம்ம ஊர்க் கடைக்காரருக்குப் புரியும். வலது பக்கம் இடமரைங்கறதை மட்டும் ஞாபகப்படுத்துங்க. மரை இல்லாம அழுத்திப் பொருத்தற வகைன்னா, துளை கொஞ்சம் பிசகினாலும் ஆயுசுக்கும் கிரீச் சத்தம்தான்.

ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கியே ஆகணும். ஸ்டெம் போல்ட்டுக்கெல்லாம் பெரும்பாலும் 4-லிருந்து 6 நியூட்டன் மீட்டர்தான். கைக்கணக்குல "இன்னும் ஒரு சுத்து" வச்சா கார்பன் நசுங்கிடும். ஸ்டாண்டுல மேல் குழாயைக் கவ்வ வைக்காதீங்க, சீட்போஸ்ட்டைக் கவ்வ வைங்க. கடைக்காரர் அண்ணன் பாசத்தோட சுத்தியலை எடுத்தா, அதைவிடப் பாசமா வாங்கி வச்சுக்கோங்க. கியரைத் தாங்கற ஹேங்கர் சின்னத் துண்டு. ஃப்ரேமோட சேர்த்தே ரெண்டா வாங்குங்க. அது இங்கே எந்தக் கடையிலயும் கிடைக்காது.

நம்ம மண்ணுக்கு

சிவகாசியில இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 20 கிலோமீட்டர்தான், மலை கண்ணுக்குத் தெரியும். ஆனா அது 2021-ல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம். அனுமதி இல்லாம உள்ளே சைக்கிள் விடற இடம் இல்லை. நிஜமா ஓட்டப்போறது கண்மாய்க் கரையிலயும் கரிசல் காட்டு வண்டிப்பாதையிலயும்தான்.

அங்கே ரெண்டு எதிரிங்க. ஒண்ணு, சீமைக்கருவேல முள். டியூப்லெஸ் டயரும் சீலன்ட்டும் இல்லாம கிளம்பாதீங்க. நம்ம வெயில்ல சீலன்ட் சீக்கிரம் காயும், ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை திறந்து பாருங்க. இன்னொண்ணு, மழைக்கு அப்புறம் கரிசல் மண். டயர்ல அப்பி, ஃப்ரேமுக்கு நடுவுல அடைச்சு, கல்லும் சேர்ந்து கார்பனையே அரம் மாதிரி தேய்ச்சிடும். ஃப்ரேம் 2.4 இன்ச் டயர் வரைக்கும் இடம் தந்தா நீங்க 2.25 போடுங்க. செயின்ஸ்டே உள்பக்கம் பாதுகாப்பு டேப் ஒட்டுங்க.

"வெயில்ல ரெசின் இளகாதா?"ன்னும் கேட்டிருந்தார். இளகாது. நூறு டிகிரிக்கு மேல வெந்து இறுகின பொருள், நம்ம 40 டிகிரி அதுக்கு ஒண்ணுமில்லை. பஸ் மேல கட்டிக் கொண்டுபோறப்போ கூர்மையா ஒரு இடி வாங்கினாத்தான் ஆபத்து.

சரி, ஏறலாமா?

லேபிள் இல்லைன்னா, அந்த லேபிளோட வேலையை நீங்க செய்யணும். சோதனை அறிக்கை கேட்கறது, பெட்டி வந்ததும் பரிசோதிக்கறது, மாசா மாசம் விரிசல் இருக்கான்னு துடைச்சுப் பார்க்கறது, விழுந்தா சந்தேகம் தீர்ற வரைக்கும் ஓட்டாம இருக்கறது. இதுக்குப் பொறுமை இருந்தா, அறிக்கையும் கைக்கு வந்தா, ஹார்ட்டெயில்ல ஆரம்பிங்க. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அந்த போனஸுக்கு நல்ல பிராண்டோட அலுமினிய பைக் வாங்குங்க. ஒரு கிலோ கூட இருக்கும், அவ்வளவுதான். அலுமினியம் வாங்கினதால யாரும் கண்மாய்க் கரையில உங்களை மதிக்காம விடமாட்டாங்க.

தம்பி, கட்டி முடிச்சா போட்டோ அனுப்புங்க. ஆனா முதல் 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு, எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை டார்க் ரெஞ்ச்ல பார்த்துட்டு, அதுக்கப்புறம் அனுப்புங்க.