டால்ஸ்டாயின் உழவர் கதைகள்

1879ஆம் ஆண்டில், உருசிய நாட்டின் வடபகுதியாகிய ஒலோனெத்சைச் சேர்ந்த ஷெகோல்யோனொக் என்னும் கதைப்பாடகர் டால்ஸ்டாயின் வீட்டில் விருந்தினராகத் தங்கினார். 'போரும் அமைதியும்' எழுதிப் பெரும்புகழ் பெற்றிருந்த ஆசிரியர், அந்நாட்டுப்புற முதியவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

'மனிதர் எதனால் வாழ்கின்றனர்' என்னும் கதை (1881) அவ்வாறு பிறந்ததே. செருப்புத் தைக்கும் செம்யோனுக்கும் அவன் மனைவிக்கும் குளிருக்குப் போர்த்த இருப்பது ஒரே மேலங்கி; அதுவும் கந்தல். கடன் வசூலிக்கச் சென்றவனுக்குக் கிடைத்தவை 20 கோப்பெக்குகள், அவற்றையும் குடித்துவிடுகிறான். திரும்பும் வழியில் ஒரு சிற்றாலயத்தின் பின்னே ஆடையின்றி நடுங்கும் ஒருவனைக் காண்கிறான். முதலில் அஞ்சி விலகிப் போகிறான். பின்பே மனம் உறுத்தித் திரும்புகிறான். வீட்டிலோ மனைவி, எஞ்சிய மாவைக் கணக்கிட்டு, இன்று ரொட்டி சுட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறாள். கதையின் உயிர் இங்கேதான் உள்ளது. மாவு நிறைந்த வீட்டில் விருந்தோம்பல் எளிது. அவள் எடுத்து வைப்பதோ கடைசித் துண்டு. வந்தவன் வானதூதன் என்பது பின்னரே தெரிகிறது. இறுதியில் அவ்வானதூதன் நீண்ட விளக்கம் கூறுவது கதைக்குச் சற்றுப் பாரமே.

1884இல் டால்ஸ்டாயும் செர்த்கோவும் 'பொஸ்ரேத்னிக்' என்னும் பதிப்பகத்தைத் தொடங்கினர். மாஸ்கோ அச்சக உரிமையாளர் சித்தின் அச்சிட்ட சிறு நூல்களை ஊர் சுற்றும் வணிகர்கள் மலிவு விலையில் சிற்றூர்களுக்குச் சுமந்து சென்றனர். 'அன்பு உள்ள இடத்தில் இறைவன்' (1885) அவ்வழி பரவியது. நிலவறையில் வாழும் மார்ட்டின், சன்னல் வழியே கால்களை மட்டும் கண்டு, தான் தைத்த காலணிகளால் ஆளை அறிகிறான்! ஆயினும் இக்கதையின் மூலம் பிரெஞ்சுப் போதகர் சாய்யான் எழுதியது. டால்ஸ்டாய் கண்ட உருசியத் தழுவலில் ஆசிரியர் பெயர் இல்லை. உண்மை தெரிந்தபின் அவர் வருத்தம் தெரிவித்தார்.

ஆசிரியர்கள் விரும்பிப் படிக்கத்தக்கது 'மூன்று துறவிகள்' (1886). சொலொவெத்ஸ்க் மடத்திற்குக் கப்பலில் செல்லும் ஆயர், தீவொன்றில் மூன்று முதியவர்களைக் காண்கிறார். அவர்கள் அறிந்தது ஓரடி வேண்டுதலே. முறையான செபத்தை அவர் நாள் முழுதும் கற்பிக்கிறார். ஒருவர் தடுமாறுகிறார், பல்லில்லாத மற்றொருவருக்குச் சொல் உருளவில்லை. ஆயரை ஆசிரியர் எள்ளவில்லை. அவர் பொறுமையுள்ள நல்லாசிரியரே. அவ்விரவில் மூவரும் கடல்மேல் ஓடி வருகின்றனர். எதற்கு? பாடம் மறந்துபோயிற்றாம், மறுமுறை கற்பிக்க வேண்டுமாம். வகுப்பறை அறிந்தோர் இவ்விடத்தில் சிரிக்காமல் இருத்தல் அரிது.

ஆயர் அவர்களுக்கு மீண்டும் கற்பிக்கவில்லை. தமக்காக வேண்டிக்கொள்ளுமாறு அவர்களையே கேட்டு, தாழ்ந்து வணங்குகிறார். அவர்கள் திரும்பி நடக்கின்றனர்; அவர்கள் மறைந்த திசையில் விடியும் வரை ஓர் ஒளி தெரிகிறது.