செவியையும் தாக்கும் சலரோகம்

"வயது போனாற் காது மந்தமாவது இயல்புதானே" என்று நம் இல்லங்களிற் கூறுவது வழக்கம். முதுமையினாற் செவிப்புலன் குறைவது உண்மையே. எனினும், அம்முதியவர் சீனி வருத்தம் உள்ளவராயின், பழி முழுவதையும் வயதின்மீது சுமத்திவிடுதல் தகாது.

சலரோகம் கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தை வாட்டும், காற்புண்ணை ஆறவிடாது என்பவற்றைப் பலரும் அறிவர். அது செவியையும் தாக்கக்கூடும் என்பதை அறிந்தோர் சிலரே.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? உட்செவியில் நத்தையின் ஓடுபோற் சுருண்ட உறுப்பொன்று உளது. அதனுள் அமைந்த ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்களே ஒலியதிர்வை நரம்பு உணரும் வண்ணம் மாற்றித் தருகின்றன. அவற்றைப் பேணுவன மிக நுண்ணிய குருதிக் குழாய்கள். குருதியிற் சீனி பல்லாண்டுகள் மிகுந்திருப்பின் அக்குழாய்களின் சுவர் தடிக்கக்கூடும், நரம்பும் நலிவுறும். மாண்ட மயிர்க்கலம் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

அமெரிக்காவில் 1999 முதல் 2004 வரை, 20 முதல் 69 வயது வரையான 5,140 பேரிடம் நடத்திய சோதனைகளின் முடிவு 2008இல் வெளியாயிற்று. வயது வேறுபாட்டை நீக்கிக் கணித்தபோது, உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் கேட்பதிற் குறையுடையோர் சலரோகிகளுள் நூற்றுக்கு 54 பேர். ஏனையோருள் 32 பேர். தாழ்ந்த, நடுத்தரச் சுருதிகளில் இத்தொகை முறையே 21, 9 ஆகும். வயதொன்றே காரணமன்று என்பது இதனாற் புலனாகும்.

உயர்ந்த சுருதி மங்கும்போது வல்லின ஒலிகள் தெளிவிழக்கின்றன. 'பால்' என்பதும் 'கால்' என்பதும் ஒன்றுபோலத் தோன்றும். "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்று முதியோர் முறையிடுவது இதனாலேயே. பேரப்பிள்ளைகளின் மெல்லிய குரலே முதலில் நழுவிப்போகும். திரும்பத் திரும்பக் கேட்க நாணி அவர் ஒதுங்கியிருப்பார். வீட்டாரோ அதைக் கோபமென்றும் பிடிவாதமென்றும் எண்ணுவர். அன்பு குன்றாத குடும்பத்திலும் இவ்வாறு மௌனம் குடிபுகுந்துவிடுகின்றது.

இதற்குச் செய்யத்தக்கன யாவை? சலரோகம் உள்ளவர் கண்ணைச் சோதிப்பதுபோல ஆண்டுக்கொருமுறை செவியையும் சோதித்தல் நன்று. அதில் நோவு சிறிதுமில்லை. காதுக் குடுமி அடைத்திருப்பினும் கேள்வி குறையுமாதலால், வைத்தியர் முதலில் அதனைப் பார்ப்பார். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் நுண்ணிய குருதிக் குழாய்களைக் காக்கும் வழியாகும். தேவையாயிற் கேட்கும் கருவி அணியத் தயங்கலாகாது. ஒரு காது திடீரெனக் கேளாது போயின், உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. கூவிப் பேசுவதால் ஒலி பெருகுமேயன்றிச் சொல் தெளிவுறாது. வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். நம் வீட்டு முதியவர் மறுமொழி கூறாதிருக்கும்போது, அவர்மீது சினங்கொள்ளுமுன் அவர் செவியைச் சோதித்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.