திலகவதியார் காட்டிய வழி

பண்ருட்டிக்கு அருகே கெடில நதிக்கரையில் விளங்கும் திருவதிகை வீரட்டானத்தை நினைக்கும்போதெல்லாம் ஒரு காட்சி நெஞ்சில் எழும். சூலை நோயால் துடித்த மருணீக்கியார், தம் துன்பத்தை ஆள் அனுப்பித் தமக்கையார் திலகவதியாருக்குத் தெரிவித்தார். பின்னர் இரவோடு இரவாகத் தாமே வந்து அவர் அடி பணிந்தார். தமக்கையார் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்து, பொழுது புலருமுன் தம்பியைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நமக்கு நாவுக்கரசர் கிடைத்தது அவ்வாறே. நோயுற்றவர் தம் நோயை உற்றவரிடம் ஒளிக்காமல் சொன்ன இடத்தில் அந்த அருள் வரலாறு திரும்புகிறது.

எங்கள் ஊர்ச் சிவாலயத்திற்குப் பிரதோஷம் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர் உண்டு. ஒரு மாதத்திற்கும் மேலாக இருமல் விடவில்லை. மார்கழிக் குளிரில் நீராடியதால் வந்த சளி என்றே இருந்தார். பரிசோதனையில் நுரையீரல் புற்றுநோய் எனத் தெரிந்தது. "அப்பா தாங்கமாட்டார்" என்று பிள்ளைகள், "நெஞ்சுச் சளிக்கு ஊசி" என்று சொல்லிச் சிகிச்சையைத் தொடங்கினர். அவரோ அடுத்த வாரமே வழக்கம்போல் கிருத்திகை விரதம் இருந்து, கூட்டத்தில் நின்று தரிசனம் செய்தார். அன்றிரவு காய்ச்சல் வந்தது. பிள்ளைகளைக் கலங்கடிக்க வேண்டாமென்று விடியும்வரை வாய் திறக்கவில்லை. காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியதாயிற்று. "அவர்கள் என்னிடம் மறைத்தார்கள், நான் அவர்களிடம் மறைத்தேன். நடுவில் நோய் வளர்ந்தது" என்று பின்னாளில் மண்டபத்தில் அமர்ந்து என்னிடம் சொன்னார்.

நுரையீரல் புற்றுநோய்க்குப் புகையிலையே முதன்மைக் காரணம். எனினும் ஒருநாளும் புகைக்காதவருக்கும் அது வருகிறது. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், மூச்சிரைப்பு, உடல் மெலிவு ஆகியவை காசநோயைப் போலவே தோன்றி ஏமாற்றும். ஆகவே பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. இன்று அறுவை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகியவற்றோடு, மரபணுச் சோதனையில் குறிப்பிட்ட மாற்றம் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்தே நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளும் உண்டு.

கீமோதெரபி ஊசி ஏற்றிய 7 முதல் 14 நாட்களில் இரத்த வெள்ளணுக்கள் பெரும்பாலும் குறைந்திருக்கும். அந்நாட்களில் கூட்டம் மிகுந்த வேளையைத் தவிர்த்துத் தரிசனம் செய்யலாம். பஞ்சாமிர்தத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு பிறருக்கு அளிக்கலாம். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். வேள்விப் புகையும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். சில மருந்துகளால் பாதம் மரத்துப்போகும். உச்சிவேளையில் கல் பிராகாரம் சுடுவதும் தெரியாது. மருத்துவரைக் கேளாமல் உபவாசமும் கூடாது, கைமருந்தும் கூடாது. காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலி, மூச்சுத்திணறல், மனச்சோர்வு ஆகியவற்றைத் தணிக்கும் சிகிச்சை இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நோய் பரவிய 151 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. தொடக்கத்திலிருந்தே அந்தச் சிகிச்சையையும் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. மற்றவர்களைவிட அவர்கள் இரண்டு மாதங்களுக்கும் மேலாகக் கூடுதலாக வாழ்ந்தனர். வலியைச் சொல்வது பலவீனமன்று.

"என்ன பாவம் செய்தேனோ" என்று புலம்புவோரும் உண்டு. கொடிமாடச் செங்குன்றூரில் குளிர்சுரம் கண்டு வருந்தியவர்கள், ஞானசம்பந்தப் பெருமானுடன் நடந்த அடியார்களே அல்லவா? சுரம் வந்ததால் அவர்கள் அடியார் அல்லர் என்று யாரேனும் சொன்னதுண்டா?

புள்ளிருக்குவேளூரில் இறைவன் வைத்தியநாதன் என்றே பெயர் பூண்டிருக்கிறான். மருந்தும் அவன் அருளே. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அயராத உழைப்பால், 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தம்பியின் பிணி கண்டு இரங்கிய திலகவதியாரின் நெஞ்சத்தை அங்கும் காண்கிறோம்.

அந்தப் பெரியவரின் சிகிச்சை இன்னும் தொடர்கிறது. நோய் முழுவதும் தீரும் என்று மருத்துவர் சொல்லவில்லை. அதை அவர் அறிவார், பிள்ளைகளும் அறிவர். இப்போது பிரதோஷத்தன்று கூட்டம் கலைந்த பிறகு மகள் அவரை அழைத்து வருகிறாள். நந்தியெம்பெருமான் பின்னே இருவரும் அமர்ந்து தேவாரம் ஓதுகின்றனர். மூச்சு வாங்கி அவர் நிறுத்தும் இடத்திலிருந்து அவள் தொடர்கிறாள்.