நனைந்த காலுக்கு முதலில் துண்டு!

நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை நம்மை விடாது. பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்களை ஒட்டி ஞாயிறு காலையில் சைக்கிள் மிதிக்கும் எங்களுக்குப் பனி தெரியாது. ஆனாலும் ஒரு மணி நேரம் மழையில் மிதித்தால் கால் விரல்கள் சில்லிட்டுப் போகும். ஈரக் காலுறையில் காற்றுப் பட்டுப் பட்டுச் சூடு வெளியேறுகிறது. உடம்போ உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற விரல்களுக்கான ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது.

வீடு வந்ததும் காலுறையைக் கழற்றுங்கள். பாதத்தைக் கழுவி, விரல் இடுக்குவரை துடையுங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். பிறகு உலர்ந்த காலுறை, சூடாக ஒரு தேநீர், வீட்டுக்குள் கொஞ்ச நடை. பெரும்பாலும் இதுவே போதும்.

கொதிக்கக் கொதிக்கச் சுடுநீர் வேண்டாம். மரத்த பாதத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது. வெதுவெதுப்பா என்று முழங்கையால் தொட்டுப் பாருங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. அது ஆறாத புண்ணாகி விரலையே இழக்க நேரலாம்.

இனிப்பு நீர் உள்ள என் அப்பாவும் சைக்கிளை விடவில்லை. அவர் கால் வைக்கும் தண்ணீரை நான்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் பாருங்களேன்.