ஆஸ்பத்திரிக்கு எந்தப் புத்தகம்?

கல்யாணத்துக்கு எந்தப் புடவை கட்டுவது என்று அரை நாள் யோசிக்கிற நாம், ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்து வைக்கும்போது கைக்கு அகப்பட்டதைத் திணித்துக்கொண்டு ஓடுகிறோம். ஃபிளாஸ்க், டம்ளர், போர்வை, துண்டு எல்லாம் ஞாபகமாக வந்துவிடும். புத்தகம் மட்டும் கடைசி நிமிஷத்தில்தான். நானும் அப்படித்தான் செய்தேன். நன்றாக அனுபவித்தேன்!

2023ஆம் வருஷம் ஆவணி மாதம் என் கணவருக்கு நெஞ்சு வலி வந்து திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்துதான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உடனே செய்யவும் முடியாதாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை ஒன்றை நிறுத்திவிட்டு ஐந்து நாள் காத்திருக்க வேண்டுமாம். அவரை உள்ளே ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் பார்க்கலாம். மீதி நேரமெல்லாம் வெளியே ஹாலில் இரும்பு நாற்காலி.

பையில் ஒரு நாவல் இருந்தது. பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்தது, குண்டுப் புத்தகம். முதல் நாள் ஒரே பக்கத்தை ஏழெட்டுத் தடவை படித்திருப்பேன். கதாநாயகியின் பெயர்கூட மனசில் நிற்கவில்லை. கண் எழுத்தைப் பார்க்கிறது, காது என்னவோ உள்ளேயிருந்து யாராவது பேஷன்ட் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்றுதான் கேட்கிறது. இப்படியே மூன்றாவது அத்தியாயம் வந்தேனா, அதில் அந்தப் பெண்ணின் புருஷன் படுத்த படுக்கையாகிவிட்டான். போதுமடா சாமி என்று மூடிப் பைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அதற்குப் பிறகு செய்தது இன்னும் பெரிய தப்பு. செல்போனை எடுத்து வியாதியின் பெயரைப் போட்டுத் தேட ஆரம்பித்தேன். ஒன்று பயமே வேண்டாம் என்கிறது, அடுத்தது வயிற்றைக் கலக்குகிறது. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் விடாமல் பார்த்தேன். இதற்கு மட்டும் மனசு எப்படித்தான் ஒருமுகப்படுகிறதோ! மறுநாள் டாக்டரிடம் போய் நான் படித்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க பார்த்தது எல்லா வயசுக்காரங்களுக்கும், எல்லா மாதிரி நோயாளிகளுக்கும் சேர்த்து எழுதினதும்மா. உங்க வீட்டுக்காரருக்கு எதுன்னு என்னைக் கேளுங்க. எழுதி வச்சுக் கேளுங்க, மறந்து போகாது" என்றார்.

கீழே கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். எத்தனை நாளில் நடக்கலாம், சர்க்கரை இருக்கிறதே புண் ஆறுமா, காலில் ஏன் வெட்டுகிறார்கள் என்று கேள்விகளை ஒரு பக்கம் எழுதி, பதிலை எதிர்ப்பக்கம் குறித்துக்கொண்டேன். காலிலிருந்து ரத்த நாளத்தை எடுத்துத்தான் அடைப்பைச் சுற்றி மாற்று வழி போடுவார்களாம். அந்த வாரம் நான் படித்ததிலேயே உபயோகமானது அந்த நோட்டுதான். தூக்கம் வராத ராத்திரிகளில் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

தங்கைக்குப் போன் போட்டு, "அம்மா டிரங்குப் பெட்டியில் இருக்கிறதில் ஏதாவது கொண்டு வா. கதை சின்னதா இருக்கணும், யாரும் சாகக்கூடாது. மறக்காம என் கண்ணாடியையும் எடுத்துக்கிட்டு வா" என்றேன். நாற்பது தாண்டினவர்கள் வெள்ளெழுத்துக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் கொண்டு போய் என்ன பிரயோஜனம்?

அவள் கொண்டு வந்தவற்றில் தேவனின் 'துப்பறியும் சாம்பு' இருந்தது. 1940களில் ஆனந்த விகடனில் வந்த கதைகள். சாம்பு பாங்கு குமாஸ்தா. அசடு. எதையோ செய்யப் போய் எதிலோ தடுக்கி விழுந்து, கடைசியில் திருடன் அகப்பட்டுவிடுவான். ஊரே இவனைப் பெரிய மேதாவி என்று கொண்டாடும். ஒவ்வொன்றும் தனிக்கதையாக முடிந்துவிடுகிறது. நர்ஸ் கூப்பிட்டால் பாதியில் வைத்துவிட்டு ஓடலாம், திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. மூன்றாம் நாள் என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன். சுற்றிலும் எல்லாரும் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது நாம் மட்டும் சிரித்துவிட்டோமே என்று வெட்கமாகப் போய்விட்டது.

பக்கத்து நாற்காலியில் அரியலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர். மகன் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து, தலையில் அடி, உள்ளே நினைவில்லாமல் கிடந்தான். "என்னம்மா சிரிக்கிறே? எனக்குப் படிக்கத் தெரியாது. சத்தமாப் படி, நானும் கேக்கறேன்" என்றார். சந்தோஷமாகப் படித்தேன். இரண்டு கதை கேட்டார், ஆனால் முகத்தில் மாற்றமே இல்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா நல்லா அழுவுற மாதிரி ஒண்ணு இல்லியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இப்போ போய் அழுகைக் கதையா அக்கா?" என்றேன். "அவனுக்காக இங்க குந்தி அழுதா, ஏன் இப்பவே அழுவுறேன்னு எங்க வூட்டு ஆளு வையிறாரு. கதைக்கு அழுதா யாரும் கேக்க மாட்டாங்கல்ல?" என்றார்.

பைக்கு அடியில் தள்ளின நாவலை மறுபடி வெளியே எடுத்தேன். அந்த மூன்றாவது அத்தியாயத்திலிருந்தே சத்தமாகப் படித்தேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். படித்துக்கொண்டிருந்த எனக்கும் குரல் போய்விட்டது. இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு, காண்டீனில் டீ வாங்கிக் குடித்தோம். ஒரு வாரமாக இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத அக்கா, அன்று ராத்திரி என் பொட்டலத்திலிருந்து தயிர் சாதம் வாங்கிச் சாப்பிட்டார். கஷ்ட காலத்தில் சிரிப்புக் கதைதான் படிக்கவேண்டும் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு அன்றைக்குத் தப்பாகிவிட்டது. ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஆபரேஷன் அன்று ஐந்து மணி நேரம். அன்றைக்கு எந்தப் புத்தகமும் உதவவில்லை, நான் திறக்கக்கூட இல்லை. வீட்டில் மாமியார் சுந்தர காண்டம் பாராயணம் ஆரம்பித்திருந்தார். வால்மீகியில் அது 68 சர்க்கம்; நாளுக்கு இத்தனை என்று கணக்கு வைத்துக்கொண்டு, "நீயும் படிம்மா" என்று போனில் சொன்னார். எனக்கு சமஸ்கிருதம் வராது. முந்தின நாள், ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமக'னில் சீதை அசோகவனத்தில் காத்திருக்கிற இடத்தை மட்டும் படித்திருந்தேன். அனுமான் கணையாழியைக் கொடுக்கிற இடம் வரும்போது நாம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் பாருங்கள், அதுவேறு சேர்ந்துகொள்கிறது. ஆனால் ஆபரேஷன் நேரத்தில் சின்ன வயசில் மனப்பாடம் செய்த கந்த சஷ்டி கவசம் ஒன்றுதான் வந்தது. அதற்குக் கண்ணாடி வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் வார்டுக்கு வந்தார். பொழுது போகட்டுமே என்று சாம்புவை எடுத்துப் படித்தேன். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே "அம்மா!" என்று அலறினார். நெஞ்சு எலும்பை நடுவில் பிளந்து கம்பியால் சேர்த்திருக்கிறார்கள், இருமினாலே உயிர் போகும். இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணையே கொடுத்திருந்தார்கள். சிஸ்டர் ஓடிவந்து, "என்னம்மா, சிரிக்க வைக்கிறீங்களே! புண்ணு ஆறட்டும்" என்று என்னைத்தான் திட்டினார். சாம்பு மறுபடி பைக்குள் போனான்.

"வேற என்ன இருக்கு?" என்றார். தங்கை கொண்டு வந்த கட்டில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இருந்தது. 1951இல் வந்த புத்தகம். எங்கள் அம்மா கல்யாணச் சீரோடு கொண்டு வந்தது. உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மனுஷர், "அதைப் படி" என்றார்! வற்றல் குழம்பு, மோர்க்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு என்று வரிசையாகப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பெருங்காயம் எப்போ போடணும்னு சொன்னே?" என்று நடுவில் சந்தேகம் வேறு. பரபரப்பு இல்லை, அழுகை இல்லை, சிரிப்பும் இல்லை. தாளிக்கிற இடம் வருவதற்குள் தூங்கிவிடுவார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் அக்கா வார்டுக்கே என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மகன் கண் திறந்துவிட்டானாம், அம்மாவை அடையாளம் தெரிந்ததாம். அதைச் சொல்லி முடித்த கையோடு, "அந்தப் புள்ளையோட புருஷன் பொழச்சானா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல" என்றார். நான் மீதியைப் படித்திருக்கவில்லை. நின்றவாக்கிலேயே கடைசி அத்தியாயத்தைப் புரட்டிச் சொன்னேன். பிழைக்கவில்லை. "ஹும், கதைதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மாசம் எந்தக் கனமும் தூக்கக்கூடாது என்று உத்தரவு. அதனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 'பொன்னியின் செல்வ'னை நானே வாசித்துக் காட்டினேன், நாளைக்கு ஓர் அத்தியாயம். இரண்டு பேரும் முன்பே படித்ததுதான். வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான், இன்னும் ரொம்ப நாளைக்கு அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும். அந்தத் தெம்பே போதுமாயிருந்தது. கல்கி அதை 1950லிருந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதியதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கி போட்டு நிற்கும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று இவர் கேட்பார். டாக்டர் பத்து மணிக்குத் தூங்கச் சொல்லியிருக்கிறார் என்று நான் மறுத்துவிடுவேன்.

மார்கழியில் மூன்றாம் பாகத்தில் இருந்தோம். ஒரு நாள் நான் வாசிக்கையில், வரப்போகிற வரியை இவர் முந்திக்கொண்டு சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தலையணைக்கடியில் பார்த்தால் பஸ் டிக்கெட் ஒன்றை அடையாளமாக வைத்திருக்கிறார், நாலு அத்தியாயம் தள்ளி! நான் மத்தியானம் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், இரண்டு கையாலும் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே படித்திருக்கிறார். அன்று ராத்திரி எங்களுக்குள் நல்ல சண்டை.