இளைத்த உடல் ஏன் மீண்டும் பருக்கிறது?

ரமளான் பிறை தென்பட்டதும் நம் வீடுகளில் பலர் இரண்டு நிய்யத்துகள் வைத்துக்கொள்கின்றனர். ஒன்று, அல்லாஹ்வுக்காக நோற்கும் நோன்பு. மற்றொன்று, வெளியில் சொல்லாமல் மனத்திற்குள் வைத்துக்கொள்ளும் ஆசை. இந்த ஒரு மாதத்திலாவது உடம்பு சற்று இளைத்துவிட வேண்டும் என்பது. மாதம் முழுவதும் பகலில் பசித்திருந்து, பெருநாளும் முடிந்து, சில வாரங்கள் கழித்து எடைக் கருவியில் ஏறி நின்றால் முள் பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது. "என் உடல்வாகே இப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த ரமளானை எதிர்பார்க்கத் தொடங்குகிறோம்.

இது ஒருவர் இருவரின் அனுபவம் அன்று. ரமளான் நோன்பும் உடல் எடையும் குறித்துப் பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அம்மாதத்தில் சராசரியாக ஒன்றேகால் கிலோ எடை குறைவதையும், குறைந்ததில் பெரும்பகுதி சில வாரங்களிலேயே திரும்பிவிடுவதையும் கண்டனர். நோன்பின் நோக்கம் இறையச்சமே அன்றி இளைப்பு அன்று. ஆகவே நோன்பைக் குறை கூற இதில் இடமில்லை. ஆனால், ஒரு பருவத்திற்கு மட்டும் உணவைக் குறைத்தால் என்ன நிகழும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

மற்றப் பதினொரு மாதங்களிலும் நாம் செய்பவை இதைவிட மேலானவை அல்ல. தேன் கலந்த வெந்நீர், கொள்ளு ரசம், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் பொடி டப்பா, நிக்காஹ் நாள் குறித்ததும் இரவு உணவையே நிறுத்திவிடும் மகள் என்று முயற்சிகளுக்குக் குறைவில்லை. அவை தோற்றதும், "வாய்க்கட்டு இல்லாதவள்" என்ற பழி மட்டும் மிஞ்சுகிறது.

பழி யார்மீது?

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்களாக இருந்தனர். 2019-21 ஆய்வில் அது 40ஐத் தாண்டியது. ஆண்களில் 28ஆக இருந்தது 37ஆக உயர்ந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு மாநிலத்து மக்களின் மனவுறுதி முழுவதும் குன்றிவிடுமா? மாறியது மனவுறுதி அன்று. நாம் உண்ணும் பொருளும், உழைக்கும் முறையும், உறங்கும் நேரமுமே மாறியுள்ளன. அவற்றை அப்படியே விட்டுவிட்டுச் சில வாரங்கள் பட்டினி கிடப்பதால்தான் முயற்சி தோற்கிறது.

உடலின் தற்காப்பு

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலமான 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் உணவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். அவர்கள் தம் எடையில் கால் பங்கை இழந்தனர். அத்துடன் எப்போதும் குளிர் வாட்டியது, சோர்வு அழுத்தியது. இரவும் பகலும் உணவைப் பற்றிய எண்ணமே அவர்களை ஆட்கொண்டது. கட்டுப்பாடு நீங்கியதும் அவர்கள் உண்ட அளவு வியப்பூட்டியது. இழந்த தசை முழுவதும் மீளும் முன்பே கொழுப்பு முந்திக்கொண்டு திரும்பியது.

பஞ்சத்திற்கும் பத்தியத்திற்கும் உள்ள வேறுபாடு நம் உடலுக்குத் தெரியாது. உணவு குறைந்தால் அது செலவைச் சுருக்கிக்கொள்கிறது, பசியைக் கூட்டுகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் பொருள் 1994இல் கண்டறியப்பட்டபோது இதன் இரகசியம் ஓரளவு வெளிப்பட்டது. கொழுப்பு கரையக் கரைய லெப்டின் குறையும். "கையிருப்புத் தீர்கிறது, உண்" என்று மூளை ஆணையிடும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பத்து வாரக் கடும் பத்தியத்தால் இளைத்தவர்களைச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு கழிந்த பின்னும் அவர்களது பசிச் சுரப்புகள் தணியவில்லை என்பது தெரிந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் இளைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அவர்களது உடல் நாளொன்றுக்கு எதிர்பார்க்கும் அளவைவிட ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. இழந்த எடையில் பெரும்பகுதி பெரும்பாலோருக்குத் திரும்பியிருந்தது.

இந்தியாவிலும் 2025 முதல் விற்பனைக்கு வந்துள்ள புதிய இளைப்பு ஊசிகள் பசியை அடக்குவதில் வல்லவை. அவற்றையும் நிறுத்தினால் எடை திரும்புகிறது என்றே ஆய்வுகள் கூறுகின்றன. மருந்து நின்றாலும் உடலின் தற்காப்பு நிற்பதில்லை.

மண்ணரையில் ஒரு நாள்

உடலுக்கு வெளியே உள்ள காரணங்களைக் காணத் தொலைவு போக வேண்டியதில்லை. திருப்பூர் மண்ணரைப் பகுதியில் பனியன் கம்பெனி வேலைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தின் நாளை எண்ணிப் பாருங்கள். காலை எட்டரைக்குத் தொடங்கும் வேலை, ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை வரை நீளும். ஓவர்லாக் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தவருக்குக் கையும் கண்ணும் உழைக்கின்றன, உடல் அசைவதில்லை. பீஸ் ரேட் கூலி என்பதால் மதிய உணவு அவசரத்தில் இறங்குகிறது. தேநீர் இடைவேளையில் வடையோ போண்டாவோ பசியாற்றுகிறது. வீடு வந்து குளித்து, வயிறு நிறையச் சோறு உண்ணும்போது மணி பத்து. உண்ட கையோடு உறக்கம்.

வீட்டிலிருக்கும் தாயின் நிலையும் வேறன்று. பிசிர் வெட்டும் துணிக்கட்டைப் பிரித்து வைத்து மணிக்கணக்கில் தரையில் அமர்ந்திருக்கிறார். பிள்ளை மிச்சம் வைத்த இட்லியை வீணாக்க மனமின்றித் தாமே உண்கிறார். ஏற்றுமதிக்கு நாள் நெருங்கிவிட்டால் இரவு வேலையும் சேர்ந்துகொள்ளும். உறக்கம் குறைந்தால் பசி மிகும் என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2004இல் காட்டினர். இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் உறங்கிய இளைஞர்களுக்கு லெப்டின் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு உயர்ந்தது.

ஒரு சிறு கணக்கையும் பார்ப்போம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 20 கலோரி. இரண்டு கரண்டி வீதம் நான்கு வேளைத் தேநீர் அருந்தினால் 160 கலோரி. அரைமணி நேர நடையில் செலவாவதோ சுமார் 120 முதல் 150 வரைதான். நடந்து வந்த களைப்புக்கு இரண்டு வடை உண்டால், நடந்த நடை எடைக் கணக்கில் தெரியாது. அதற்காக நடை வீண் என்று எண்ணிவிட வேண்டாம்.

எடை குறையாமலே கிடைத்த பலன்

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவரது குழுவினரும், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. நாள்தோறும் நடந்து, சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்துக்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. இதில் கவனிக்கத்தக்கது, இவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை என்பது. எடைக் கருவி ஒன்றையே நீதிபதியாக வைத்திருந்தால், இவர்கள் "பயனில்லை" என்று பாதியிலேயே நிறுத்தியிருப்பர், நோயும் வந்திருக்கும். முள் அசையவில்லையே என்று நல்ல பழக்கத்தைக் கைவிடுவதுதான் உண்மையான தோல்வி.

நிலைப்பது எது?

முதலாவதாக, இளைக்க வேண்டியவருக்கு மட்டும் தனிச் சமையல் என்பது நீடிக்காது. மாற்றம் வீட்டின் அடுப்படியில் நிகழ வேண்டும். தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்கலாம். தட்டில் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கீரை, பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றை வைக்கலாம். மாலையில் வடைக்குப் பதிலாகச் சுண்டல் கொண்டு செல்லலாம். ரமளானில் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் போதும். பொரித்த பண்டங்கள் விருந்து நாளுக்கு இருக்கட்டும்.

இரண்டாவதாக, பஜ்ரு தொழுகைக்குப் பின்னோ இஷாவுக்குப் பின்னோ அரைமணி நேர நடையை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளந்து வரலாம். நம் நாட்டவர்க்குப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நலம். ஆறு மாதத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே உடலுக்கு நன்மையுண்டு.

மூன்றாவதாக, திடீர்ப் பட்டினியை அஞ்ச வேண்டும். அதிவேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் தோன்றக்கூடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். காரணம் புரியாமல் எடை ஏறினால் தைராய்டு போன்ற குறைகள் உண்டா என்று சோதித்துக்கொள்வதும் அவசியம்.

உண்பதிலும் பருகுவதிலும் வீண்விரயம் கூடாது என்பது திருக்குர்ஆன் விதித்த வரம்பு. அளவில் சிறிதாயினும் விடாமல் தொடரும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. வணக்கத்தில் நாம் அறிந்த இந்த நெறியை உணவிலும் உழைப்பிலும் கடைப்பிடிப்போமாக. உடல் அவன் தந்த அமானிதம். அதைப் பேணுவதற்குப் பட்டினியும் பொடி டப்பாவும் வேண்டா. இன்று ஒரு கரண்டி சர்க்கரையைக் குறைப்போம். அடுத்த ரமளானிலும் அது குறைந்தபடியே இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.